டிரம்முக்குப் போன பேரு

சன்னலோரம் நீங்களே உக்காருங்கண்ணே. சாரல் அடிக்கும்னு பயப்படாதீங்க, மழை வராது. நான் சொல்றேன்ல. இது சும்மா மெரட்டிட்டுப் போற மூட்டம்.

கலெக்டர் ஆபீசுக்கா? பாத்தவொடனேயே நெனச்சேன். திங்கக்கிழமை காலையில இந்த வண்டியில மஞ்சப் பையோட உக்காந்திருந்தா வேற எங்க போவாங்க? பட்டா விசயமா? மக கல்யாணத்துக்கு முன்னால வாங்கிறணும்னா பாக்குறீங்க? நல்லது, நடக்கும்ணே. நானும் அங்கதான் போறேன். எனக்குப் பட்டா இல்ல, பென்சன் இல்ல. ஒரு காசு விசயம். காசுன்னா நம்ம ரூவா இல்ல. பழங்காலத்துக் காசு. தங்கம். என் கண்ணு முன்னால ஒரு ஆபீசர் அதை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

மனுவா? எழுதல. எழுதுனா என் கோவம் அதுல வராது. வாயாலயே சொல்லப் போறேன்.

நான் வீரணன். 'வீரணன் பந்தல் சவுண்டு சர்வீஸ்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. பட்டிருக்கீங்களா! எப்பிடிக் கேள்விப்பட்டீங்க? ஓ. ஆமா. அந்தச் சேர்மன் வீட்டுக் கல்யாணந்தான். அதை ஒருத்தரும் விட மாட்டீங்களே.

சரி, அதை மொதல்ல சொல்லிர்றேன். இல்லாட்டி நீங்க அதையே நெனச்சுக்கிட்டு நான் சொல்ற எதையும் காதுல வாங்க மாட்டீங்க.

ஆனி மாசம். மொதப் பந்தி உக்காந்தாச்சு. அப்பளம் வெச்சு சாம்பார் ஊத்துற நேரம். ஒரு காத்து வந்துச்சு. ஆள் விட்டு வரச்சொன்ன மாதிரி நேரா என் பந்தலுக்குத்தான் வந்துச்சு. பந்தல் ஒரு தடவ மூச்சு இழுத்துச்சு. எந்திரிச்சுச்சு. பெறகு உக்காந்துச்சு, பந்தி மேல. ஒருத்தருக்கும் அடி இல்ல. சம்பந்தியம்மா பட்டுச்சேலையில சாம்பார், அம்புட்டுத்தான். சேர்மனோட மச்சினன் ஒருத்தன், குழி ஆழம் பத்தலைன்னு ஊரெல்லாம் சொன்னான். அவன் என்ன பந்தக்காரனா? குழி ஆழம் பத்தாமத்தான் இருந்துச்சு, நான் இல்லைங்கல. ஆனா அதுக்காகவா விழுந்துச்சு? காத்து அடிச்சு விழுந்துச்சு.

அன்னையிலேருந்து எம்பேரு 'சாஞ்ச பந்தல்'. வீரணன்னு சொன்னா யாருக்கும் தெரியாது. என் மச்சான் வீட்டு வளைகாப்புக்கே வெளியூரு ஆளக் கொண்டாந்து பந்தல் போட்டாய்ங்க. நானும் போனேன். போகாம இருக்க முடியுமா? அந்தப் பந்தலுக்கு அடியில உக்காந்து சாப்பிட்டேன். சோறு எறங்கல. அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன், இப்ப விழும் இப்ப விழும்னு. அது விழுகல. அழுகையா வந்துச்சுண்ணே. வீட்டுக்காரிகிட்ட ரசத்துல மொளகு சாஸ்தின்னு சொல்லிட்டேன்.

அப்பத்தான் எங்க ஊருக்குக் குழி ஆபீசு வந்துச்சு.

எங்க ஊரு ஓடைக்குறிச்சி. ஊருக்குக் கெழக்க ஒரு மேடு இருக்கு, ஓட்டாஞ்சில்லு மேடும்போம். எங்க மிதிச்சாலும் ஒடஞ்ச பானை. அதுல ஏதோ பழைய ஊரு பொதைஞ்சு கெடக்குன்னு தோண்ட வந்தாங்க. கயித்தக் கட்டிச் சதுரஞ் சதுரமாத் தோண்டுனாங்க. எங்க ஊருக்காரய்ங்க அதுக்குக் குழி ஆபீசுன்னு பேரு வெச்சுட்டாய்ங்க. அதுக்குத் தலைமை ஒரு அம்மா. மங்கையர்க்கரசி மேடம். எங்க ஊரு வாயில அம்புட்டு நீளம் நொழையாது. குழியம்மான்னுட்டாய்ங்க. அவுங்களும் கூப்புட்டா திரும்பிப் பாப்பாங்க.

நல்ல அம்மாண்ணே. வெயில்ல நின்னு நின்னு கருத்துப்போயி, கையில ஒரு பெயிண்ட் அடிக்கிற பிரசு வெச்சுக்கிட்டு, மண்ணக் கூட்டிக்கிட்டே இருப்பாங்க. நம்ம வீட்டக் கூட்டக்கூட அம்புட்டு பக்குவமா கூட்ட மாட்டோம். அப்பிடிக் கூட்டும்போது ஒரு குழிக்குள்ள ஒரு தரை வந்துச்சு. சுட்ட செங்கல்லு தரை இல்ல. வெறும் களிமண்ணு பூசுன தரை. அந்தத் தரையில யாரோ நடந்த தடம். அஞ்சு வெரலும் தெரியுது. சின்னப் புள்ள தடம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால ஏதோ ஒரு வாண்டு மழை ஈரத்துல ஓடிப்போயிருக்கு. அதைப் பெத்தவ அன்னைக்கு வைஞ்சிருப்பா. இந்தம்மா அதைப் பாத்துட்டு கண்ணு கலங்கிப் போச்சு.

சங்கதி என்னன்னா, அது சுடாத மண்ணு. ஒரு மழை பேஞ்சா சேறு. தடமும் போச்சு, தரையும் போச்சு. அதைப் பெயர்த்து எடுக்க மருந்து பூசணும், காய விடணும், பெட்டி கட்டணும். அதுக்கெல்லாம் சென்னையிலேருந்து ஆளு வரணும். அதுவரைக்கும் மழை பேயக் கூடாது.

ஊரு எப்பிடி இருந்துச்சு தெரியுமா அப்ப? கண்மாய் வெடிச்சுக் கெடக்கு. மாட்டுக்குத் தண்ணி இல்ல. ஊரே மழை மழைன்னு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கு, இந்த ஒரு அம்மா மட்டும் வேணாம் வேணாம்னு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. எங்க ஊருப் பொம்பளைங்க மழைக்கஞ்சி எடுத்தாங்க. வீடு வீடாப் போயி அரிசி வாங்கி, ஒண்ணாக் கஞ்சி காச்சி, மழை இல்லாமச் சாகுறோமேன்னு ஒப்பாரி வெச்சு அழுது குடிக்கிறது. அப்பிடி அழுதா வானத்துக்கு மனசு எளகும். மேட்டுலதானே மேடம் கூடாரம் போட்டுத் தங்கியிருக்காங்க, அதுவும் ஒரு வீடுதானேன்னு அங்கயும் போயி ஏனத்த நீட்டிட்டாங்க. எனக்குத் திக்குனு இருந்துச்சு. மேடம் உள்ள போயி ஒரு படி அரிசி கொண்டாந்து போட்டாங்க. போட்டுட்டு எங்கிட்ட வந்து, "வீரணண்ணா, பந்தல் எப்ப போடறீங்க?"ன்னு கேட்டாங்க.

ஆமா, என்னையத்தான் கூப்பிட்டாங்க. வெளியூரு அம்மா, சாம்பார் கதை தெரியாது. ஊருல ஒருத்தரும் சொல்லல. விட்டிருந்தா சொல்லியிருப்பாய்ங்க, அதுக்குள்ள நான் தார்ப்பாயோட போயி நின்னுட்டேன்.

போனவொடன மேடம் ஒரு கண்டிசன் போட்டாங்க. "அண்ணா, இந்த மேட்டுல நீங்க ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. கயித்துக்கு உள்ளயும் கூடாது, வெளியயும் கூடாது. புதுசா ஒரு குழி விழுந்தா, நாளைக்கு எது பழசு எது புதுசுன்னு யாராலயும் சொல்ல முடியாமப் போயிடும்."

நான் சரின்னேன்.

"அப்ப கால எதுலம்மா நடுறது?"ன்னேன்.

டிரம்முன்னாங்க. தார் டிரம்மு. அதுல மணலப் போட்டு நெரப்பி, அதுக்குள்ள கம்ப நட்டு, அதுக்கு மேல பந்தல். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். டிரம்முல நட்ட கால், தொட்டியில வெச்ச தொளசி மாதிரிண்ணே. காத்து எதுக்கு அதை மதிக்கணும்? ஆனா படிச்சவுங்க, நம்மள நம்பிக் கூப்பிட்டவுங்க. அப்பிடியே போட்டுக் குடுத்தேன். குழியச் சுத்தி டிரம்மு, எட்டடிக்கு ஒரு காலு. எங்க பந்தல்ல எட்டடிதான். என் கயித்துல முடிச்சுப் போட்டு வெச்சிருக்கேன், ஒரு வெரக்கடை கூடாது கொறையாது.

மழை வருமா அண்ணான்னு தெனமும் கேப்பாங்க. நானும் மேகத்தப் பாத்து, காத்தப் பாத்து, எறும்பப் பாத்து, வராதும்மான்னு சொல்லுவேன். அன்னைக்கே வந்துரும். ரெண்டு மூணு தடவ அப்பிடி ஆகிப்போச்சு. அதுக்கப்புறம் நான் வராதுன்னு சொன்னா மேடம் மணல் மூட்டைய எடுத்து அடுக்கச் சொல்லிருவாங்க. என் பேச்சுக்கு அம்புட்டு மரியாதை.

மொத மழை சும்மா தூறல். ஆனா தார்ப்பாய்க்கு மேல தண்ணி தேங்கி மாட்டு மடி மாதிரி தொங்குது. கீழ நின்னு நாங்க கம்பால முட்டி முட்டித் தள்ளுறோம். ஒரு பக்கம் பெயிண்ட் வாளியில வேலையாளுக தண்ணி எறைக்கிறாங்க. மேடம் குழிக்குள்ள எறங்கி, அந்தத் தடத்து மேல குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. தான் நனையிறது தெரியல. அந்தப் புள்ள நனையக் கூடாதாம். அப்ப ஒரு காத்து வந்துச்சு, சின்னக் காத்து. நான் என் கண்ணால பாத்தேன், ஒரு டிரம்மு நடந்துச்சு. இம்புட்டுதான், ஒரு சாண். ஆனா நடந்துச்சு.

எனக்குச் சம்பந்தியம்மா சேலை ஞாபகம் வந்துருச்சு.

இன்னொரு தடவ எம்பந்தல் விழுந்தா, அதோட நான் இந்தத் தொழிலயும் விட்டு இந்த ஊரையும் விட்டுப் போகணும்ணே. அந்தம்மா வேற, என்னைய நம்புன ஒரே ஆளு. அவுங்க முன்னாடி விழுந்துறக் கூடாதுன்னு சாமியெல்லாம் கும்பிட்டேன்.

அப்பத்தான் மேடம் ஒருநாள் ஏதோ கூட்டம்னு மதுரைக்குப் போனாங்க. வேலையாளுகளுக்கும் லீவு. மேட்டப் பாத்துக்கங்கண்ணான்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க. நான் பாத்துக்கிட்டேன். எங்கிட்ட இருக்குற ரெண்டு ஆளுகளக் கூட்டியாந்து, டிரம்மு ஒவ்வொண்ணுலயும் அடித்தகரத்த வெட்டி எடுத்துட்டேன். அந்த எடத்துல குழி எடுத்தேன். சாதாக் குழி இல்ல. முழங்கை முங்கி, அதுக்குக் கீழயும் எறங்குற குழி. வட்டம்னா வட்டம், கொட்டாங்கச்சிய வெச்சு வரைஞ்ச மாதிரி. என் ஆயுசுல அப்பிடிக் குழி நான் எடுத்ததில்ல. கம்பு ஆடாம இருக்கப் பக்கத்துல செங்கல்லு சில்ல வெச்சு இறுக்கணும்ல, அதுக்கு அந்த மேட்டுலயே ஒடஞ்ச செங்கல்லு குமிச்சுக் கெடந்துச்சு, எடுத்து வெச்சு அடிச்சேன். பெறகு டிரம்ம மேல மாட்டி மணலப் போட்டாச்சு. வெளிய பாத்தா டிரம்முதான். அவுங்க சொன்னதும் ஆச்சு, நான் நெனச்சதும் ஆச்சு.

ஈசானிய மூலைக் கால மட்டும் மொறையா நட்டேன். அது எங்க வழக்கம், கல்யாணப் பந்தலோ கருமாதிப் பந்தலோ, பந்தக்கால் நட்டா அந்தக் குழியில நவதானியம், மஞ்சத்துண்டு, ஒரு காசு, கொஞ்சம் பாலு. அது போடாததுனாலதான் சேர்மன் வீட்டுல விழுந்துச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அன்னைக்கு அவசரத்துல விட்டுப்போச்சு.

அன்னைக்கு மத்தியானம் நான் ஆளுககிட்டச் சொன்னேன், இன்னைக்கு மழை வராது, வீட்டுக்குப் போங்கடான்னு.

அண்ணே, வானம் இடிஞ்சு விழுந்துச்சு! பள்ளிக்கூடத்துத் தகரம் பறந்து கண்மாயில கெடந்துச்சு. ஊர் நடுவுல நின்ன புளியமரம் வேரோட சாஞ்சுருச்சு. கரண்டுக் கம்பம் ரெண்டு படுத்துருச்சு. நான் மேட்டுல பந்தக்காலக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கட்டிப் பிடிக்கத் தேவையே இல்ல. கல்லு மாதிரி நிக்கிது. தார்ப்பாய் படபடன்னு அடிச்சுக்குது, காலு அசையல. ஒரு காலு அசையலண்ணே.

மேடம் பாதி வழியில பஸ்ச விட்டு எறங்கி, யாரோட பைக்குலயோ ஏறி, மேட்டுக்குக் கீழயிருந்து ஓடி வந்தாங்க. செருப்பு ஒண்ணக் காணோம். பந்தலுக்குள்ள வந்து குழிய எட்டிப் பாத்தாங்க. தரை காஞ்சு கெடக்கு. தடம் அப்பிடியே இருக்கு, அஞ்சு வெரலும். அப்பிடியே மண்ணுல உக்காந்து அழுதாங்க. அழுதுட்டு என்னையப் பாத்து, "அண்ணா, உங்க பந்தல் நின்னுடுச்சு"ன்னாங்க.

எனக்கு அது போதும்ணே. நெசமா அது போதும். அன்னைக்குச் செத்திருந்தாக்கூடச் சிரிச்சுக்கிட்டே போயிருப்பேன்.

ஆனா அடுத்து சொன்னாங்க பாருங்க. எல்லாரும் கூடுனதுக்கு அப்புறம், ஊர்க்காரய்ங்க, வேலையாளுக, சேர்மன் மச்சினன் உள்பட நிக்கிறான், மேடம் சொல்றாங்க: "டிரம் தாங்கிடுச்சு!"

டிரம்மு! அடி இல்லாத டிரம்மு!

நான் வாயத் தொறக்க முடியுமா? பெறகு மேடம் அதை எழுதி வேற அனுப்பிட்டாங்க, மண்ணுல ஒரு ஆணி கூட அடிக்காம இப்பிடிப் பந்தல் போடலாம்னு. அதைப் படிச்சுட்டு வேற எங்கயோ தோண்டுறவங்க டிரம்மு வெச்சுப் போட்டு, அது தென்னந்தோப்பத் தாண்டி போயி விழுந்துச்சாம். அந்தத் தரையப் பத்திரமா எடுத்ததுக்கு மேடத்துக்கு எம்புட்டுப் பேரு தெரியுமா? மேட்டக் கீறாம வேலை பாத்த அம்மான்னு மேடையில சால்வை போட்டாங்க. பெரிய வேலை குடுத்து சென்னைக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. போகும்போது என் வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போனாங்க. இப்பவும் பொங்கலுக்குப் போன் பண்ணுவாங்க.

அவுங்க வண்டி ஏறுன மறுநாளே நான் காலெல்லாம் உருவிட்டேன். பந்தல்காரன் போன எடத்துல குழி தொறந்து கெடக்கக் கூடாது, விளங்காது. கண்மாயிலேருந்து கருகருன்னு கரம்பை மண்ணு கொண்டாந்து நெரப்பி, கெட்டிச்சு, மேல செம்மண்ணத் தூவி, நானே தேடுனாலும் கெடைக்காத மாதிரி ஆக்கிட்டேன்.

கண்டக்டர் தம்பி, அந்தச் சட்டர எறக்கி விடுங்க, சாரல் அடிக்கிது. இது மழை இல்லண்ணே, சும்மா தூறல். நீங்க கேளுங்க.

மறு வருசம் வேற ஒரு சாரு வந்தாரு. ராஜரத்தினம்னு பேரு. சுறுசுறுப்பான மனுசன். மேடம் தோண்டுன குழிய விட்டுட்டு அதைச் சுத்தித் தோண்டுனாரு. கொஞ்ச நாள்ல ஊரெல்லாம் ஒரே பேச்சு. செம்மண்ணுல கருப்புக் கருப்பா வட்டம் வருதாம். வரிசையா. பழங்காலத்துல மரக்கம்பு நட்ட குழியாம், கம்பு மக்கிப்போயி மண்ணு மட்டும் கருத்து நிக்கிதாம். அந்தத் தரைய நடுவுல வெச்சுச் சுத்தி ஒரு மண்டபம் இருந்திருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. பேராசிரியருங்க கார்ல வந்து எறங்குறாங்க. டிவிக்காரங்க வர்றாங்க. தகர போர்டு எழுதி நட்டு வெச்சாங்க, படம்லாம் போட்டு.

நானும் போயிப் பாத்தேன். பாத்தா, ஒடம்பு சிலுத்துப்போச்சுண்ணே. எட்டடி! ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் எட்டடி. என் கயித்த வெச்சுப் பாத்தேன், முடிச்சுக்கு முடிச்சு சரியா நிக்கிது. வட்டமும் அதே வட்டம். ஓரத்துல செங்கல்லு சில்லு வெச்சு இறுக்கியிருக்கான். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால எங்க ஆளுக இதே மேட்டுல இதே மாதிரி பந்தல் போட்டிருக்காங்க. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலண்ணே, ரத்தத்துலயே வந்திருக்கு. ஒரு பேராசிரியரு, வெள்ளைத் தாடி, ஒரு குழிக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டுப் பாத்துட்டு டிவியில சொன்னாரு: "எந்தப் புயலும் அசைக்க முடியாத வேலைப்பாடு, இதை நட்டவன் மகா கெட்டிக்காரன்." டீக்கடையில நாங்க எல்லாரும் பாத்தோம். நான் சேர்மன் மச்சினன ஒரு பார்வை பாத்தேன். அவன் வடையத் தின்னுக்கிட்டு இருந்தான்.

நான் போயி சார்கிட்டச் சொன்னேன், போர்டுல 'பந்தல்காரர்கள்'னு ஒரு வார்த்தை சேத்து எழுதுங்க சார்னு. பாக்கலாம்னாரு. எழுதல.

மூலைக் குழி ஒண்ண மட்டும் தொறக்காம வெச்சிருந்தாங்க. பெரிய அதிகாரி ஒருத்தரு சென்னையிலேருந்து வர்றாரு, அவரு முன்னால தொறக்குறதுக்கு. விழாப் பந்தல் நான்தான். இப்பல்லாம் இரும்புக் காலு, குழி வேலையே இல்ல. அதிகாரி வந்தாரு, டிவி வந்துச்சு. சார் குழி ஓரத்துல குப்புறப் படுத்துக்கிட்டு, பிரசால கூட்டிக் கூட்டி எடுக்குறாரு. கருத்துப்போன தானியம் வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. பழங்காலத்துப் பூசைன்னு ஒருத்தரு மைக்குல சொல்றாரு. பெறகு ஏதோ மஞ்சத்துண்டு மாதிரி வந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. இருங்கய்யா, அடுத்து காசு வரும் பாருங்கன்னு பக்கத்துல நின்ன போலீஸ்காரர்கிட்டச் சொன்னேன்.

வந்துச்சுண்ணே. நான் கிட்டத்துலதான் நின்னேன். மண்ணுக்குள்ள மஞ்சளா ஒரு மினுக்கு. தங்கம்! சாரோட கை அப்பிடியே நின்னுபோச்சு. மொகத்துல ரத்தமே இல்ல. ஒரு நிமிசம் அதையே பாத்தாரு. டபக்குனு கைய மூடுனாரு. எந்திரிச்சாரு. கை சட்டைப் பைக்குள்ள போச்சு, வெளிய வரும்போது வெறுங்கை. மைக்க வாங்கி என்ன சொன்னாரு தெரியுமா?

"மழை வரப் போகுது, நிகழ்ச்சி இத்தோட முடிஞ்சுது."

பேய் வெயிலுண்ணே! வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. பெரிய அதிகாரி அண்ணாந்து பாத்தாரு. பாத்துட்டு அவரும் மழைதான்னுட்டாரு. எல்லாரும் குடையப் பிடிச்சுக்கிட்டு வேர்க்க வேர்க்கக் காருக்கு ஓடுறாங்க. சார் தார்ப்பாயக் கொண்டாந்து அந்தக் குழிய மூடுறாரு, நனைஞ்சுரும்னு. நான் ஒருத்தன்தான், "சார், மழை வராது"ன்னு கத்துறேன். வாழ்க்கையில அன்னைக்கு ஒருநாள்தான் நான் சொன்னது சரியா இருந்துச்சு. ஒருத்தன் கேக்கல.

எல்லாரும் போனப்புறம் சார் எங்கிட்ட வந்தாரு. ரொம்ப மெதுவாக் கேக்குறாரு. "வீரணன், முந்தின வருசம் இங்க பந்தல் போட்டது நீங்கதானே? குழி ஏதாச்சும் எடுத்தீங்களா?"

எனக்குப் புரிஞ்சுபோச்சு. மேடத்துக்குக் கெடச்ச பேரு இவருக்குப் பொறுக்கல. எப்பிடியாச்சும் அவுங்களக் குத்தம் சொல்லணும். அந்தம்மா என் வீட்டுல காப்பி குடிச்சவுங்க. நான் காட்டிக் குடுப்பேனா? "இல்ல சார், ஒரு ஆணி கூட அடிக்கல, எல்லாம் டிரம்முதான்"னுட்டேன். சட்டைப் பையத் தடவிக்கிட்டே திரும்பி நடந்தாரு. மறுநாள் போர்டு இல்ல. அந்தக் குழியெல்லாம் மூடியாச்சு. கேட்டா, இன்னும் ஆராய்ச்சி முடியலையாம்.

இப்ப சொல்லுங்க, நாயமா? தங்கக் காசு ஒண்ணுக்காக எங்க தொழிலோட பெருமையவே குழி தோண்டிப் பொதைச்சுட்டாரு. ஒரு மாசமா டீக்கடையில சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குக் கலெக்டர்கிட்ட சொல்லி அந்தக் காச வெளிய எடுக்காம விட மாட்டேன்.

என்னண்ணே?

நான் போட்ட காசா? எது, மூலைக் கால்ல போட்டதா? அது சும்மா வழக்கத்துக்குப் போட்டது. அஞ்சு ரூவா. புதுசுதான். மஞ்சக் கலர்ல மினுமினுன்னு இருக்குமே, அது.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

எந்த மூலையா? ஈசானிய மூலைதான். நாங்க எப்பவும் அங்கதான் போடுவோம். சார் தொறந்ததும் அந்த ஈசானிய...

இருங்க.

கொஞ்சம் இருங்கண்ணே. பேசாதீங்க.

எட்டடி. கரம்பை மண்ணு. அந்தச் செங்கல்லுகூட நான் அந்த மேட்டுல கெடந்ததுலதானே எடுத்தேன். அந்தத் தானியம்... கருத்துத்தான் போகும், மழை ஈரத்துல. மஞ்சத்துண்டு.

அப்ப அந்தத் தாடிக்காரரு கைய விட்டது என் குழிக்குள்ளயா?

எந்தப் புயலும் அசைக்க முடியாதுன்னு டிவியில சொன்னாரே. மகா கெட்டிக்காரன்னாரே. ஊரே பாத்துச்சே. அது என் குழியண்ணே! என் குழி! சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்பு வருது. இதைச் சொல்றேன் கலெக்டர்கிட்ட! தங்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம். டிவிக்காரன வரச்சொல்லி, அந்த மச்சினன முன்னால நிக்க வெச்சு, "டேய், ஆழம் பத்தலைன்னியே"ன்னு...

ம்.

மேடம்.

ஆமால்ல. ஒரு ஆணி கூட அடிக்காம வேலை பாத்தவுங்கன்னுதானே சால்வை போட்டாங்க. அவுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா யாரு நம்புவா? அவுங்க மேட்டுல, அவுங்க பந்தலுக்கு, அவுங்க டிரம்முக்கு அடியில. எது பழசு எது புதுசுன்னு தெரியாமப் போயிரும்னு சொன்னாங்கண்ணே. மொத நாளே சொன்னாங்க. நான் சரின்னேன்.

அந்த சாரும் பாவம். எல்லாம் தெரிஞ்சுதான் என்னையக் கேட்டிருக்காரு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாம அந்தக் காசப் பையிலயே வெச்சுக்கிட்டாரு. நான் அவரத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்.

கண்டக்டர் தம்பி, அடுத்த ஸ்டாப்புல நிப்பாட்டுங்க. எறங்கிக்கிறேன்.

நான் வரலண்ணே. நீங்க போங்க, பட்டாவ விடாதீங்க, சத்தம் போட்டுக் கேளுங்க. எனக்கு அங்க ஒண்ணும் வேலை இல்ல. டிரம்மு தாங்குச்சுன்னு சொன்னா, டிரம்மே தாங்குனதா இருந்துட்டுப் போகட்டும். குடையெல்லாம் வேணாம், வெச்சுக்கங்க. கொட்டத்தான் செய்யுது, தெரியுது. நனைஞ்சுக்கிட்டே போறேன்.

ஒங்களுக்கு மட்டுந்தாண்ணே தெரியும். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ஆனா ஒங்க மக கல்யாணம் எந்த மாசம் வெச்சாலும் எனக்குச் சொல்லி விடுங்க. ஆடியில காத்தடிச்சாலும் ஐப்பசியில மழை கொட்டுனாலும் சரி. ஓடைக்குறிச்சியில வந்து வீரணன்னு கேட்டா ஒருத்தனும் வழி சொல்ல மாட்டான், சாஞ்ச பந்தல்னே கேளுங்க. நானே வந்து குழி எடுக்குறேன்.